கதவுக்குள் இருந்த பச்சை

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். மலேசியாவில், ஈஜோக்கில், மணி தம்பியின் கார் பட்டறையில் சீட்டு தைப்பது என் வேலை. லோரி சீட்டு, வேன் சீட்டு, ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலிகூடத் தைத்தேன். அந்தக் கதை வேண்டாம் என்கிறாள் மகள். சரி.

குழப்பம் ஒரு சிவப்புக் காரில் தொடங்கியது. பிரான்சில் செய்த ரேஸ் கார். அடியில் இருக்கும் சேசிஸ் உலகப்போருக்கு முந்தியது. மேலே இருக்கும் பாடி போருக்குப் பிந்தியது. அந்த ஊரில் பெயர் தெரியாத யாரோ ஒருவர் பழைய பாடியைக் கழற்றிவிட்டு, கையால் புதிதாகத் தட்டிப் போட்டது என்றுதான் நினைத்திருந்தோம். முன்பக்கம் நீளம், பின்பக்கம் வாத்து மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்தது.

சொந்தக்காரர் ராஜன் சாருக்குப் பிடிக்கவில்லை.

“இது ஒரிஜினல் இல்ல மணி. வெட்டிப் போட்டுடு. முதல்ல இருந்த மாதிரியே புது பாடி கட்டு.”

“புதுசா கட்டுனா அது எப்படி சார் ஒரிஜினல்?” என்றேன்.

“அக்கா, நீங்க சீட்ட பாருங்க லா,” என்றான் மணி.

வெட்டும் மெஷினை மணி வெளியே எடுத்துவிட்டான். அதற்கு முன் கதவின் உள்பக்கத் தோலை நான் பிரிக்க வேண்டும். பிரித்தேன். உள்ளே தகரம் பச்சையாக இருந்தது. பழைய வளைவைத் தட்டி நிமிர்த்திய தழும்பும் தெரிந்தது.

“தம்பி, வெளிய செவப்பு, உள்ள பச்ச. வந்து பாரு.”

மணி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ராஜன் சாரைக் கூப்பிட்டான். சேசிஸ் மூலையில் ஒட்டியிருந்த பழைய பெயிண்டும் அதே பச்சை. சார் மண்டியிட்டு அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உலகச் சண்ட முடிஞ்ச நேரம். தகரம் கெடைச்சிருக்காது. பழைய பாடியையே நிமித்தி இத செஞ்சிருக்கான்.”

“அப்ப எத சார் வெட்டுறது?”

“ஒன்னையும் வெட்டாத. மெஷின உள்ள வை.”

எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டை இடித்த தகரத்தில்தான் அப்பா கோழிக்கூண்டு கட்டினார். அது லயமா கூண்டா என்று யாரும் கேட்டதில்லை. கோழி முட்டை போட்டது.

அந்த வருட ஆயுத பூசைக்கு மணி அந்தக் காரின் பானெட்டில் பொட்டு வைத்தான். நான் கதவுக்குள் பச்சையில் ஒன்று வைத்துவிட்டுத் தோலை மூடித் தைத்தேன். அந்தப் பொட்டு பழைய காருக்கா, புதுக் காருக்கா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் இப்போது எந்த வண்டி வந்தாலும், வெட்டலாமா என்று மணி கேட்டால், முதலில் உள்ளே பிரித்துப் பார்க்கலாம் என்பேன்.