முதல் வரியில் இருந்தவர்

மகளின் நிச்சயதார்த்தம் சனிக்கிழமையிலிருந்து திங்களுக்கு மாறியது. மண்டபத்துக்காரர் செய்த குளறுபடி. வெளியூர் உறவினர்களுக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

"வாட்ஸ்அப்ல போட்டுட்டு வேலையப் பாருங்கப்பா" என்றாள் மகள். கேட்டிருக்கலாம். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் பெரிய கணினியோடு காலம் தள்ளியவன் நான். வரி வரியாக எழுதித் திருத்த அங்கே பழகிய அதே எடிட்டரை, ஓய்வுக்குப் பிறகும் முத்தையாபுரம் வீட்டுக் கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உறவினர் பட்டியலும் அதில்தான். வேண்டிய வரிகளை மட்டும் திரையில் நிறுத்தி, மற்றவற்றை மறைக்கலாம். நிறுத்தியவற்றைப் பைப்லைன் என்ற நிரல் வரிசையில் விட்டால், ஒரு நிரலிலிருந்து அடுத்ததற்குப் போய், பெயரும் ஊரும் கழன்று, கடைசியில் தொலைபேசி எண் மட்டும் வந்து விழும். அந்த எண்களுக்குக் குறுஞ்செய்தி போகும்.

ஒரே ஒரு விதி உண்டு. எடிட்டரில் எந்த வரியில் நிற்கிறோமோ, அங்கிருந்து கீழேதான் பைப்லைன் எடுக்கும். ஆகவே முதலில் உச்சி வரிக்குப் போய்விட வேண்டும். இதை மறந்தவர்களை அலுவலகத்தில் நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அன்று தருவைகுளத்து உறவினர் ஒருவரின் எண்ணைத் திருத்தக் கீழே இறங்கியவன், மேலே ஏறாமலே கட்டளையைத் தட்டிவிட்டேன்.

நம் வீடுகளில் மரியாதை வரிசையில்தானே பட்டியல் போடுவோம்? முதல் வரி பெண்ணின் தாய்மாமன், என் மனைவியின் அண்ணன். அடுத்த சில வரிகளும் அவர் ஊர்ச் சொந்தங்கள்தான். அவர் சேலை கொடுக்காமல் எங்கள் வீட்டில் நிச்சயம் நடக்காது.

சனிக்கிழமை காலை அவரிடமிருந்து போன். "மாப்ள, நாசரேத்துலேர்ந்து வேன் நெறைய ஆளோட வந்து நிக்கேன். மண்டபம் பூட்டிக் கெடக்கு. என்ன வெளையாட்டு இது?"

"செய்தி அனுப்பினேனே அத்தான். உங்க போன்ல விழலையா?"

சரிபார்க்காமலே, வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். மறுமுனையில் அவர் தன் மருமகளை, மகனின் மனைவியை, ஏசுவது கேட்டது. "ஏளா, என் போன நோண்டி அழிச்சிட்டியா?" அந்தப் பெண் இல்லையென்று சொல்லி அழுதாள்.

கணினியைத் திறந்தேன். எடிட்டர் இன்னும் தருவைகுளம் வரியிலேயே நின்றது.

"என்ன, உங்க பைப்புல அடப்பா?" என்று கேட்டாள் மனைவி.

ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குப் போனேன். வேனருகில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "அவ மேல தப்பில்ல அத்தான். செய்தி உங்களுக்கு வரவே இல்ல. மொத வரி உங்க பேரு. நான் நடுவுலேர்ந்து அனுப்பிட்டேன். போன்ல சொன்னது பொய்."

"மொத ஆளுக்குத்தான் சொல்லலையாக்கும். இத்தன வருசம் இதத்தான் படிச்சீரா?"

திங்கட்கிழமை வருவாரா என்று சொல்லாமலே வேனில் ஏறிப் போய்விட்டார். மனைவி அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கி, காபியும் குடித்து முடித்தார்கள். அப்புறம்தான் அந்த வேன் வந்து நின்றது. சேலைத் தட்டை மருமகள் கையில் கொடுத்துவிட்டு அவர் இறங்கினார்.

"எத்தன தடவ போன் போட்டேன் அத்தான்!"

நான் அழைத்த அழைப்புகள் வரிசையாகத் தெரியும் திரையை அவர் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்படியா? என் போன்ல ஒண்ணும் விழலையே மாப்ள."

எல்லாரும் சிரித்தார்கள், என் மனைவியும்கூட. மருமகள் மட்டும் என்னைப் பார்க்காமல் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.