கேலன்ட்ரி அடித்துக் கொடுத்தவன்

மனு டைப் அடிப்பவனுக்கு விரல் இருந்தால் போதும், நெஞ்சு வேண்டாம் என்று நம்பித்தான் மலைக்கோட்டை அடிவாரத்தில் மெஷினோடு உட்கார்ந்தேன். என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட டைப்பிஸ்டுகளுக்குத் தெரியும், பெரிய இங்கிலீஷ் வார்த்தை ஒன்றாவது இருந்தால்தான் வந்தவர்களுக்குத் திருப்தி. என் கைவசம் இருந்தது ‘கேலன்ட்ரி’. வீரம்தான் அர்த்தம், ஆனால் பட்டாளத்துப் பதக்கத்தோடு சேர்த்து எழுதுகிற வீரம். பார்த்தவருக்கெல்லாம் நான் அதைப் போட்டேன்.

மிரண்ட மாடு

காந்தி மார்க்கெட்டில் மிரண்டு ஓடிய வண்டி மாட்டைக் கடைக் காவல்காரர் ஒருவர் பிடித்து நிறுத்தினார். கடை முதலாளி அவரை என்னிடம் கூட்டிவந்து நற்சான்றிதழ் அடிக்கச் சொன்னார். கேலன்ட்ரியைப் போட்டு, அர்த்தமும் சொன்னேன். காவல்காரர் கூசிப்போனார்.

“மாடு ஓடுச்சு, புடிச்சேன். இதுக்குப் போயி எதுக்குங்க அவ்வளவு பெரிய வார்த்தை?”

குமாஸ்தா வேலைக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஐயங்கார் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார். பழக்க தோஷம், அதிலும் போட்டுவிட்டேன். படித்துப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மாடிப்படி ஏறினாலே நேக்கு மூச்சு வாங்கறது, ஓய்! எல்லைக்கு அனுப்பிடப் போறா, முதல்ல இதை எடும்!”

ஜீயபுரத்துக் கடிதம்

சீனச் சண்டை முடிந்து சில மாதம் இருக்கும். ஜீயபுரத்திலிருந்து ஒரு பெண் பட்டாளத்துக் கடிதத்தோடு வந்தாள். புருஷன் போன செய்தி தந்தியிலேயே வந்துவிட்டது. எப்படிப் போனார் என்று தெரிந்துகொள்ளத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். கடிதம் முழுக்க சைக்ளோஸ்டைல் நகல், அவர் பெயர் மட்டும் தனியாக டைப் அடித்திருந்தது. தொழில்காரன் கண்ணுக்கு அது தப்புமா? எல்லா வீட்டுக்கும் போன ஒரே கடிதம். அதில் கேலன்ட்ரி இருந்தது. நானும் இத்தனை நாள் இதைத்தானே செய்தேன் என்று வெட்கமாக இருந்தது.

நகல் என்று சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சமும் பயப்படாம சண்டை போட்டாருன்னு எழுதியிருக்காங்கம்மா” என்றேன்.

அவள் அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பதில் அடிக்கச் சொன்னாள்.

“இடி இடிச்சாலே எங் கையப் புடிச்சுக்குவாருங்க. பயந்துக்கிட்டேதான் நின்னுருப்பாரு. கடைசி நேரத்துல பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு மட்டும் கேட்டு எழுதுங்க.”

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை, நானும் அதற்கப்புறம் அந்த வார்த்தையை யாருக்கும் சும்மா அடித்துக் கொடுக்கவில்லை.