நாய்க்கடிக்கு நான் எழுதிய மனு

யாராவது என் கையெழுத்தைப் புகழ்ந்தால் எனக்கு அத்தையின் கெண்டைக்கால்தான் ஞாபகத்துக்கு வரும். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பிழைத்தவள் நான். வந்துபோன இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் எழுத்து அழகு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் கசக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஊர் கறம்பக்குடிக்குக் கிழக்கே இருந்தது. ராஜா ஆட்சி போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்சி போனதெல்லாம் புதுக்கோட்டையில்தான். எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் இருந்தபடியே இருந்தார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. விளைச்சலில் பங்கு கொடுத்து அப்பா வாரத்துக்கு உழுத வயல் அவருடையது. நாங்கள் படித்த பள்ளிக்கூடமும் அவருடைய பழைய மாட்டுக்கொட்டகைதான். மழை பெய்தால் அதில் மாட்டு வாசனை எழும்பும். அவர் தெருவில் வந்தால் எங்கள் வாத்தியார்கூடத் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். எங்களைப் பிரம்பால் அடிக்கிற மனிதரா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான மறு வருஷமே மாமா மலாயாவுக்குக் கப்பலேறினார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் அத்தை தபால்காரரிடமே நீட்ட, அவர் தெருவில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாராம். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை ஊரே கேட்டுச் சிரித்தது. அந்த அவமானத்தை அவள் மறக்கவே இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று அப்பா இழுத்தபோது, என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தவள் அத்தைதான். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். எனக்குத் தலை பின்னியது, சோறு போட்டது, முதுகில் நாலு போட்டது எல்லாமே அத்தை.

பெரிய வீட்டுக்காரரிடம் ராஜபாளையத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை நாய் ஒன்று இருந்தது. அதற்குத் தினமும் காய்ச்சிய பால். அந்த வருஷம் தோப்பில் தேங்காய் களவு போகிறது என்று அதை விடியற்காலையில் அவிழ்த்துவிட ஆரம்பித்தார்கள். அவிழ்த்துவிட்டதை யாருக்கும் சொல்லவில்லை. தோப்பு நடுவே வாய்க்கால் ஓரமாக ஒரு பாதை உண்டு. வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக அதில்தான் போவார்கள். அத்தையும் அன்றைக்கு அதில்தான் போனாள். அதுவும் அவருடைய வயலுக்கே நாற்று நடப் போனாள். நாய் சத்தம் போடாமல் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. மற்ற பெண்கள் கல்லால் அடித்து விலக்குவதற்குள் சதை ஒரு கை அளவு பிய்ந்து தொங்கியது.

அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தினமும் போக வேண்டும். வீங்கின காலோடு இரண்டு மைல் நடந்து காலை பஸ்ஸைப் பிடித்து, ஊசி போட்டுக்கொண்டு, பொழுது சாய வந்து சேருவாள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் கறந்துகொண்டிருந்த ஆட்டை விற்றாள். இதற்கிடையில் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அப்பா பாயை எடுத்துப் போட்டார். வந்தவன் உட்காரவே இல்லை. அவர்கள் வீட்டு நாய் ஒன்றும் வெறிநாய் இல்லையாம், ஊசி போட்டுக்கொண்டு அதற்குக் கெட்ட பெயர் உண்டாக்குகிறாளே என்று ஐயாவுக்கு மனவருத்தமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அத்தையிடம் ஒரு விஷயம் சொன்னார். நாய் வளர்க்கிறவன்தான் கடிக்குப் பொறுப்பு, நஷ்டஈடு கேட்க உனக்குப் பாத்தியதை உண்டு, ஆனால் வாயால் கேட்காதே, எழுத்தில் கேள், எழுத்தில் கேட்டால்தான் நாளைக்குக் கோர்ட்டில் நிற்கும் என்றாராம். அத்தை அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது. எழுத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டாமே, வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே!

அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. அவங்களைப் பகைச்சுக்கிட்டு எங்கிட்டுப் போறது என்று முனகினார். அத்தை காதில் வாங்கவில்லை. பதினாலாவது ஊசி முடிந்த மறுநாள் காலை, எனக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள்.

"நான் பிச்சை கேக்கலன்னு மொதல்ல எழுது. நாயி அவுகளது, காலு என்னது. எல்லாரும் போற பாதையிலதான் போனேன், அவுக வேலைக்குத்தான் போனேன். பஸ்சு காசும், எறங்கி வேலை பாக்க முடியாத நாளுக்குக் கூலி நெல்லும் குடுக்கணும். நாயைக் கட்டிப் போடணும். குடுக்காட்டி கோர்ட்டுக்குப் போவேன்னு எழுது."

நான் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, பேனாவை மையில் தொட்டு வைத்துக்கொண்டு விழித்தேன். எனக்கு இரண்டு விதமான கடிதம்தான் தெரியும். ஒன்று, மலாயா மாமாவுக்கு எழுதிப் பதில் வராத கடிதங்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும். நாய்க்காரருக்கு அப்படி எழுத முடியாது. இன்னொன்று, வாத்தியார் சொல்லிக்கொடுத்த லீவுக் கடிதம். மகா கனம் பொருந்திய ஐயா என்று ஆரம்பித்து, செய்த குற்றத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, தாழ்மையுடன் வேண்டிக்கொண்டு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி என்று முடிக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தால்கூட 'அந்தக் குற்றத்தை மன்னித்து' என்றுதான் எழுத வேண்டும். அந்த வரியை விட்டுவிட்டால் வாத்தியார் புறங்கையில் அடிப்பார். பெரியவர்களிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்பது எங்கள் கொட்டகையில் முதல் பாடம்.

அத்தை சொன்னதை அப்படியே எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. படிக்காதவள், அவளுக்கு எழுதும் முறை என்ன தெரியும் என்று நினைத்தேன். நல்லபடியாக நான் எழுதிக்கொடுத்தால் காரியம் தானே நடக்கும் என்றும் நினைத்தேன். ஒரு குற்றம் வேண்டுமே? வகுப்பில் உத்தரவு கேட்காமல் உள்ளே நுழைந்தால் அது குற்றம். அதையே எழுதினேன். ஒவ்வோர் எழுத்தையும் சாய்க்காமல், மை சிந்தாமல், கோடு போட்டு எழுதினேன்.

'மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, நான் உத்தரவு இல்லாமல் தங்கள் தோப்புக்குள் நுழைந்தபடியால் தங்கள் நாய் என்னைக் கடிக்கும்படி ஆயிற்று. அந்தக் குற்றத்தை மன்னித்து, தயவு செய்து பஸ் செலவும் கூலி நெல்லும் கொடுத்து உதவும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த...'

கோர்ட்டும் நாய்ச் சங்கிலியும் தாளில் இடம்பெறவில்லை.

"எங்க, படி பாப்பம்" என்றாள் அத்தை. எழுதியதைப் படித்தால் முதுகில் விழும் என்று தெரியும். அதனால் தாளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். நாய் அவர்களது, கால் என்னது என்ற இடம் வந்தபோது அத்தை தொடையைத் தட்டி, "அப்படிப் போடு" என்றாள். என் மைப்புட்டியின் மூடியிலேயே விரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்தாள். காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

இதுதான் நான் செய்தது. சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். எழுதியது தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். மாற்றிப் படித்தது தெரிந்து செய்ததுதானே?

தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார் கம்பவுண்டர். கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்குத் தபால் எதற்கு என்று அத்தை நேரிலேயே கிளம்பிவிட்டாள். நானும் பெருமையாகக் கூடப் போனேன். அப்பா பெரிய வீட்டு வைக்கோல்போர் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டார்.

பெரிய வீட்டுக்காரர் முற்றத்தில் கூலி ஆட்களுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். அத்தை நிமிர்ந்து நின்று, சொல்ல வேண்டியது அத்தனையும் சொன்னாள். கோர்ட்டு என்றபோது கூலி ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முற்றத்தில் அதற்கு முன் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அவர் கோபப்படவே இல்லை. "நீ எழுதிக் குடுத்ததுல அப்படி இல்லையே" என்று சொல்லிவிட்டு, என் கடிதத்தை நிறுத்தி நிதானமாக உரக்கப் படித்தார். மறுபடியும் அத்தைக்குச் சொந்தமான ஒரு காகிதத்தை யாரோ ஊருக்குக் கேட்கப் படித்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லலீங்க" என்றாள் அத்தை.

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீயாத்தான் எழுதுனியா? பெரியவங்க சொல்லாததை எழுதி, ஏமாத்திக் கைநாட்டு வாங்குனியா? இப்படிப்பட்ட புள்ளைய எங்க கொட்டகையில வச்சுப் படிக்க வைக்கணுமா?"

நான் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"புள்ள மேல குத்தமில்லீங்க. நான் சொன்னதத்தான் எழுதுச்சு."

"உத்தரவு கேக்காம தோப்புக்குள்ள வந்தது?"

"வந்தேங்க."

அதற்குப் பிறகு அவருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், ஏழை என்று சொல்லி இரண்டு மரக்கால் நெல் அளக்கச் சொன்னார். வைக்கோல்போர் பக்கத்தில் நின்ற அப்பா எப்படி அவ்வளவு சீக்கிரம் உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, துண்டை விரித்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெரிய வீட்டுக்காரர் காகிதத்தை மடித்துப் பத்திரங்கள் இருக்கிற தகரப்பெட்டிக்குள் வைக்கும்போது என்னைத் தட்டிக்கொடுத்தார். எழுத்து முத்து முத்தா இருக்கு, நல்லாப் படி என்றார்.

அந்தக் காகிதம் அந்தப் பெட்டியில் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷம் தோப்புப் பாதையை முள்வேலி போட்டு அடைத்தார்கள். ஊரார் போய்க் கேட்டபோது, இது ஒன்றும் பொதுப்பாதை இல்லை, உத்தரவில்லாமல் நுழைந்தது குற்றம் என்று உங்களில் ஒருத்தியே கைநாட்டுப் போட்டிருக்கிறாள் என்று எடுத்துக் காட்டினார்களாம். வயலுக்குப் போக ஒரு மைல் சுற்ற வேண்டியதாயிற்று. சுற்றிய ஒவ்வொருவரும் அத்தையைத் திட்டினார்கள். இரண்டு மரக்கால் நெல்லுக்குப் பாதையை விற்றவள் என்று பெயர். அவள் வாயைத் திறந்து, எழுதியது அந்தக் கழுதை என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கால் கடைசிவரை சரியாகவும் இல்லை. சேற்றில் நிற்க முடியாததால் நடவை விட்டுவிட்டு, மற்றவர்கள் வீட்டுக் கடலையை உடைத்துக் கொடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் வேலைக்குப் போய் முதன்முதலாகப் பிள்ளைகளுக்கு லீவுக் கடிதம் சொல்லிக்கொடுத்த அன்றுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. அப்போது அத்தை இல்லை.

அன்றைக்குப் பெரிய வீட்டிலிருந்து திரும்பும்போது அப்பா நெல்லோடு முன்னால் போய்விட்டார். அத்தை காலை இழுத்து இழுத்து நடந்தாள். எனக்கு ஒரே குழப்பம். எல்லாரும் போகிற பாதைதானே அது, அத்தை ஏன் உத்தரவில்லாமல் வந்தேன் என்று சொன்னாள்? பொய் சொல்லக்கூடாது என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாரே. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அத்தே, நீங்க ஏன் பொய் சொன்னீங்க? பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்ல?"

அத்தை நின்றாள். கால் வலிக்குதுடி, செத்த ஒக்காந்துட்டுப் போவோம் என்று சொல்லி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பெரிய வீட்டு ஐயாவே சொன்னதை நாளைக்கு வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தைக்குக் கால்தான் வலிக்கிறது என்று நினைத்தேன்.