கடைசி லாரி நாளில் சொன்ன படம்

அந்தச் சுவரொட்டியில் ஒரு நாய் இருந்தது. வாயில் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு, கதாநாயகனைவிடப் பெரிதாக, ஏற்காடு கடைவீதிச் சுவரில் மழைக்கறையோடு நின்றது. மண்ணெண்ணெய் வாங்கப் போன நான் டின்னைக் கீழே வைத்துவிட்டு அதை வெகுநேரம் பார்த்தேன். அந்தப் படத்தின் முழுக்கதையும் எனக்குத் தெரியும். முந்தின திங்கட்கிழமைதான் எங்கள் அக்கா அதைக் காலையிலிருந்து மாலைவரை சொல்லி, எங்களை இரண்டு முறை அழவைத்திருந்தார். அவர் சொன்ன கதையில் நாயே கிடையாது.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்தவர். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தவர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் ஏற்காட்டில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி அந்த எஸ்டேட்டுக்கு வந்து ஒரு வருடம். வயதுதான் இருபத்திரண்டு, வாய் ஐம்பது வயதுக்காரிக்கு உள்ளது என்று என் மாமியார் சொல்லுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தை பிறந்து பங்குனி முடியும்வரை எங்களில் பன்னிரண்டு பெண்களுக்கு ஸ்டோரில், அதாவது காப்பிக் கிடங்கில், வேலை. காய்ந்த காப்பிக்கொட்டையைச் சாக்கின் மேல் கொட்டிப் பரப்பி, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கித் தள்ள வேண்டும். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அதற்கு ஏகப்பட்ட போட்டி. அந்த மூன்று மாதமும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தி பஸ் ஏறிச் சேலத்துக்கு இறங்கி, பகல் காட்சி பார்த்துவிட்டு வர வேண்டும். திங்கட்கிழமை அதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்கிறவள் அன்றைக்குக் கொட்டை பொறுக்க வேண்டியதில்லை. அவளுடைய பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வோம். கதையில் பாட்டு எங்கே வருகிறது, சண்டை எங்கே வருகிறது என்பது உட்பட எதையும் விடக்கூடாது.

அந்த வருடத்துக் காப்பியின் கடைசி மூட்டை லாரி ஏறுகிற நாள்தான் எங்களுக்கு வருடக் கடைசி. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் அந்த வருடம் தனக்குப் பிடித்த படம் எது என்று சொல்லியாக வேண்டும். ஒரே படம்தான், காரணமும் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப்பேர் அவற்றில் ஒன்றைக்கூடத் திரையில் பார்த்ததில்லை. ஆனாலும் தன் படத்தை இன்னொருத்தி மட்டமாகச் சொல்லிவிட்டாள் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. இப்போது டிசம்பர் வந்தால் பத்திரிகைகளிலும் கைப்பேசியிலும் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். நானும் போடுகிறேன், என் மகன் கிண்டல் செய்தாலும் விடுவதில்லை. அந்தப் பழக்கம் எனக்கு ஸ்டோரில் வந்தது.

முறை வைத்துத்தான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கைப்பிள்ளைக்காரிகள் தங்கள் முறையை அக்காவுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவர்களும் கொடுத்துவிடுவார்கள். அக்காவும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அதனால் பெரும்பாலான வாரம் அவர்தான் போவார், அவர்தான் சொல்லுவார். சொன்னால் சும்மா இல்லை. வில்லன் வருகிறான் என்று அவர் சொல்ல மாட்டார். புதுச் செருப்பு கிறீச்சிட மாடிப்படி ஏறுகிற சத்தத்தைச் சொல்லுவார். கதாநாயகி மயங்கி விழுந்தாள் என்று சொல்லாமல், உள்ளே குலுங்கிக்கொண்டிருந்த வளையல் திடீரென்று நின்றுபோனதைச் சொல்லுவார். நாங்கள் மூச்சுவிடாமல் கேட்போம். எனக்கு ஒரே ஒருமுறை சொல்லக் கிடைத்தது. பதினோரு மணித் தேநீர் வருவதற்குள் என் படம் முடிந்துவிட்டது. "நீ பொறுக்கவே போ கண்ணு" என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அக்கா மேல் எனக்குப் பொறாமை. இதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்போது அதற்கு நியாயம் என்று பேர் வைத்திருந்தேன்.

சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஸ்டோரில் எல்லோரும் இருக்கையில் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க்கா, அந்தப் படத்துல நாய் எங்கீங்க்கா?"

"எந்த நாய் கண்ணு?"

"சாவிக்கொத்தைக் கவ்வீட்டு நிக்குதே, அந்த நாய். நீங்க என்னமோ திருடனே மனசு கேக்காம சாவியைக் கொண்டாந்து குடுத்தான்னு சொன்னீங்க?"

அக்கா சிரிக்கப் பார்த்தார். "போஸ்டர்ல என்னென்னமோ போடுவாங்க சாமி" என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நீங்க படத்துக்கே போறதில்லீங்க. ஞாயித்துக்கெழமை வேற எங்கியோ போயிட்டு வந்து கதை உடறீங்க" என்றேன். கணவரில்லாத ஒரு பெண்ணைப் பார்த்து, வாராவாரம் வேறு எங்கோ போய் வருகிறாய் என்று பத்துப்பேர் நடுவில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கொட்டை பொறுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அக்கா மடியில் இருந்த தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழமை நீயும் கூட வா. பாத்துப்போட்டு வந்து நீயே இவங்ககிட்டச் சொல்லு."

போனோம். ஏற்காட்டில் பஸ் மாறி, அடிவாரம் தாண்டி, சேலத்தில் இறங்கியதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் நான் தொலைந்துபோகாமல் இருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கொட்டகையில் முன்வரிசையிலேயே உட்கார வேண்டும் என்றார். என் கழுத்து வலித்தது. படம் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றியது, இருவருக்கும் ஒரே மாதிரி கிருதா, ஒரே மாதிரி கட்டைக்குரல். கால் மணி நேரத்தில் அக்கா என் காதருகே வந்து கேட்டார்: "இப்ப ஆரு வந்தது? அண்ணனா, தம்பியா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு காட்சி வந்தது. அதில் பேச்சே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சுவரில் அந்தப் பிள்ளை கரியால் கிறுக்கிய மாட்டுவண்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளையடிக்க வந்தவன் சுண்ணாம்பு வாளியோடு வாசலில் காத்திருக்கிறான். அவ்வளவுதான். கொட்டகை முழுக்கப் பெண்கள் விசும்பினார்கள். அக்கா என் மணிக்கட்டை அழுத்தினார். "கண்ணு, எதுக்கு எல்லாரும் அழுவறாங்க?" என்று கேட்டார்.

நான் திரும்பி அவர் கண்ணைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் கருவிழியின் நடுவே சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும் அதைக் கவனிக்காத என்னை என்ன சொல்வது! சுவரையும் கரிக்கோட்டையும் வாளியையும் குசுகுசுவென்று சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். கேட்டுக்கொண்டே அவரும் அழுதார். பின்வரிசையில் ஒருவர் எங்களை அதட்டினார். படம் முடியும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் அக்கா வாய் திறந்தார். பார்வை இரண்டு வருடமாக மங்கிக்கொண்டே வருகிறது. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. கறுத்த கொட்டையும் நல்ல கொட்டையும் அவருக்கு ஒன்றுதான். கதை சொல்லுகிற நாளில் பொறுக்க வேண்டாம் என்பதால்தான் எல்லோருடைய முறையையும் வாங்கிக்கொண்டார். மற்ற நாட்களில் விரலால் தடவித் தடவி ஒப்பேற்றினார். "கணக்கெழுதற ரைட்டருக்குத் தெரிஞ்சா ஆள் கணக்குல இருந்து பேரை எடுத்துருவாங்க சாமி. பேரு போனா ஊடு போயிரும். புள்ளையைக் கூட்டீட்டு நான் எங்க போறது?" ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன என்று கேட்டேன். அவருடைய மாமன் ஒருவருக்குக் கண்ணில் கத்தி வைத்ததில் இருந்த பார்வையும் போய்விட்டதாம். அந்தப் பயம் அவருக்கு எலும்பில் இறங்கியிருந்தது.

மறுநாள் ஸ்டோரில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரியும் கதவருகே நின்றார். கதை கேட்பதற்காகத் திங்கட்கிழமைகளில் எதையாவது சாக்கு வைத்து அங்கே வந்துவிடுவார். அவருக்கு உண்மை தெரிந்தால் ரைட்டருக்குத் தெரிந்த மாதிரி. அதனால் என்னால் முடிந்த பொய்யைச் சொன்னேன். "அக்கா படத்துக்குத்தான் போறாங்க. நானும் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். நான் பேசுனது தப்பு. நாய் போஸ்டர்ல மட்டுந்தானாம், படத்துல இல்லியாம்."

"அதெப்புடி?" என்றார் மேஸ்திரி. "நான் போன வாரம் பாத்தனே. பாதிப் படம் அந்த நாய்தான புள்ள நடிச்சிருக்குது?"

எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா இரண்டு உள்ளங்கையையும் கொட்டைக் குவியலின் மேல் வைத்துக்கொண்டு, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"அந்த நாய் ஒருக்காக்கூடக் கொரைக்கலீங்களே மேஸ்திரி. கொரைச்சிருந்தா நான் சொல்லியிருப்பேன். எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க."

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். மறுபடி கட்டிக்கொண்டார். நான் அவர் காலைப் பார்த்தபடி இருந்தேன். அது ரைட்டர் ஆபீஸ் பக்கம் திரும்பினால் எல்லாம் முடிந்தது. அவர் கேட்டார்: "அப்ப போன வருசம் அந்த ரயில் படம் சொன்னியே?"

"காதுல கேட்டதைச் சொன்னதுங்க."

"நீ சொன்னதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் போய்ப் பாத்தேன். நீ சொன்னதுல காவாசிகூட அதுல இல்ல." சொல்லிவிட்டுக் கதவை விட்டு உள்ளே வந்தார். "நாளையிலிருந்து நீ களத்துக்குப் போயிரு. காயற கொட்டையைத் துழாவி உடறதுக்குக் கண்ணு வேண்டியதில்ல. கடைசி லாரி போன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும். லீவுக்கு நான் ரைட்டர்கிட்டப் பேசறேன்."

"கத்தி வெச்சா இருக்கறதும் போயிருமுங்களே" என்றார் அக்கா.

"போனா, படத்தைப் பாத்துப் பாத்து நான் சொல்றேனுங்க்கா. போவாது, வாங்க" என்றேன். அதுவரை நான் பேசிய பேச்சிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சித்திரையில் சேலம் பெரியாஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று கட்டளை. நானும் இன்னொரு ஸ்டோர்க்காரியும் மாறி மாறிக் கூட இருந்தோம். பொழுது போகாமல் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் அக்கா படக்கதை சொன்னார். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். கட்டு அவிழ்த்து, புண் ஆறி, கண்ணாடி வாங்க ஆனி ஆகிவிட்டது. கனத்த கண்ணாடி, அதற்குள் அவர் கண் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அந்த எஸ்டேட்டுக்கு வரும் முன்பே அவர் பார்வை மங்கிவிட்டது அல்லவா, என்னை அன்றுதான் முதலில் பார்க்கிறார். "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லியே கண்ணு! நீ நொம்ப ஒல்லி" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த தை மாதம் அக்கா மறுபடி ஸ்டோருக்கு வந்தார். எல்லோரையும்விட வேகமாகப் பொறுக்கினார். யாருடைய முறையையும் கேட்டு வாங்கவில்லை; தன் முறைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு வாய்த்த படம் இருக்கிறதே, அதைப்போல ஒரு குப்பையை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. கதாநாயகன் சாமியார் வேடம் போட்டு வில்லன் வீட்டுக்குள் நுழைகிறான். ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்குவது கடைசி வரிசைக்கே தெரிகிறது. வில்லனுக்கு மட்டும் தெரியவில்லை. இடைவேளையில் பாதிக் கொட்டகை காலி. நாமும் கிளம்பலாம் என்றேன். அக்கா காதில் வாங்கவே இல்லை. இந்தமுறை நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். யார் வந்தது என்று ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்கிற வேலைக்காரனையும், கூட்டத்தில் பத்தாவது ஆளாக நிற்கிற பெண்ணையும்கூட விடாமல் கண் நகர்ந்துகொண்டே இருந்தது.

அந்த வருடம் நல்ல படங்கள் நிறைய வந்திருந்தன. கடைசி லாரி நாளில் போட்டி பலமாக இருந்தது. படகோட்டிக் குடும்பத்தின் கதைக்கு நாலுபேர் சொன்னார்கள். நானும் அதற்குத்தான் சொன்னேன், தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கிற இடத்துக்காக. மேஸ்திரி சண்டைப் படம் ஒன்றைச் சொன்னார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அக்காவின் முறை வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒட்டுமீசைப் படத்தின் பேரைச் சொன்னார். ஸ்டோரே கொல்லென்று சிரித்தது. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அதுல கதைன்னு ஒண்ணு இருந்துதுங்களாக்கா?" என்று நானே கேட்டேன்.

"கதையை ஆரு பாத்தா கண்ணு?" என்றார் அக்கா. "எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சுதே."