பின் சீட்டில் பாதி இடம்

பேய்னு எவன் பேச ஆரம்பிச்சாலும் எழுந்து போயிடுற ஆளு நான். இப்பவும் அதுல நம்பிக்கை கிடையாது. ஆனா இது ஒண்ணு மட்டும் சத்தியமா நடந்துச்சு, நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

அப்ப நான் மலாயாவுல பாலோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல தொரையோட கார் ஓட்டிக்கிட்டிருந்தேன். அந்தக் காருக்குக் கரண்டு விளக்கு இல்ல, கார்பைட் விளக்குதான். மேல தண்ணி, அடியில கார்பைட் கல்லு, தண்ணி சொட்டுச் சொட்டா கல்லுமேல விழுந்தா கேஸ் வரும், முன்னால விளக்குல தீக்குச்சியை வெச்சுப் பத்த வெக்கணும். அழுகின பூண்டு மாதிரி ஒரு நாத்தம், கையில ஒட்டிக்கிச்சுன்னா சோறு எறங்காது.

ஒரு நாள் பொழுது சாயுற நேரம், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்குற சடையனை, கூலி ஜனங்க குடியிருந்த லயத்துலேருந்து கோணிச் சாக்குல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ரத்தபேதி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு தொரையே சொல்லிட்டாரு. எனக்குத்தான் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. சாக்கெல்லாம் நனைஞ்சு, ஈ மொச்சு, ச்சீ, இதைச் சீட்டுல ஏத்தினா நாளைக்குக் கழுவுறவன் நான்தானே. "விளக்கு எரியல, இருட்டுல போக முடியாது"ன்னு வாய் கூசாம சொல்லிட்டேன். விடியறதுக்குள்ள அந்த மனுசன் போயிட்டாரு. இப்ப அதை நெனச்சா என் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு.

மூணு மாசம் கழிச்சு என் பொண்டாட்டிக்குக் காய்ச்சல், ரெண்டு நாளா எறங்கவே இல்ல, மூச்சு வாங்குது. தொரைகிட்ட கேட்டுட்டு அவளைப் பின் சீட்டுல படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினேன். மணி ஏழு இருக்கும். தோட்டத்துச் சுடுகாட்டைத் தாண்டுறப்ப ரெண்டு விளக்கும் ஒண்ணா அணைஞ்சு போச்சு.

எறங்கிப் பாத்தேன். தண்ணி இருக்கு. கல்லு புதுசு, மத்தியானம்தான் போட்டேன். குழாயைக் கழட்டி வாயால ஊதினேன், அடைப்பு இல்ல. விளக்கு மூக்குல கம்பி விட்டுக் குத்தினேன். கேஸ் வருது, பூண்டு நாத்தம் ஆளைத் தூக்குது, தீக்குச்சியை வெச்சா மட்டும் பத்தமாட்டேங்குது. குச்சி என் கையில நல்லா எரியுதுங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?

அப்பத்தான் வேற ஒரு நாத்தம் அடிச்சுது. அதே சாக்கு நாத்தம். பின்னாலேருந்து அவ, "என்னங்க, இவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, நாத்தம் தாங்கல"ங்கிறா. காய்ச்சல்ல உளறுறான்னு சொல்வீங்க. படுத்துக்கிட்டு வந்தவ எழுந்து, காலை மடக்கி, ஓரத்துல ஒடுங்கி உக்காந்திருந்தா. நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியவே தெரியாது.

வந்த வாந்தியை முழுங்கிக்கிட்டு, காலியா கெடந்த பாதிச் சீட்டைப் பாத்துச் சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு விளக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் உங்களை ஏத்தல. இப்ப வாங்க, சேந்தே போலாம்."

அடுத்த குச்சியில ரெண்டு விளக்கும் பத்திக்கிச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்த நாத்தம் கூடவே வந்துச்சு, நான் மூக்கைப் பொத்தல.

அவ பொழைச்சுக்கிட்டா. அன்னிக்கு நடந்தது ஒண்ணும் அவளுக்கு ஞாபகம் இல்ல, நானும் வாயைத் தொறக்கல. ஆனா இன்னிக்கும் பஸ்ஸுல ஏறினா, எவ்வளவு எடம் இருந்தாலும் ஓரத்துல ஒடுங்கித்தான் உக்காருவா. ஏன்னு கேட்டா அவளுக்கே தெரியல. பக்கத்துல யாராவது உக்கார வந்தா, "ஆள் இருக்கு"ம்பா.