சத்தம் நின்ற வகுப்பு

பஞ்சைத் தண்ணீரில் முக்கி, முதல் வரிசையின் தலைக்கு மேலே தூக்கிப் பிழியும்போதுதான் சைரன் மிஸ்ஸின் நிமோனியா பாடம் சூடு பிடிக்கும். "காஞ்ச பஞ்சுல காத்து ஜம்முனு போயிட்டு வந்துச்சுல்ல? இப்ப நுரையீரலுக்குள்ள நீரும் சீழும் கட்டிக்கிச்சு. காத்து வந்து எங்கடா உக்காரும், உங்க தாத்தா மடியிலயா?" நனைந்தவர்கள் கத்துவார்கள். இரண்டாம் வரிசை, தங்களை நனைக்கவில்லையே என்று அதைவிடப் பலமாகக் கத்தும்.

சைரன் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். மூன்றாம் மாடியில் அவர் வாயைத் திறந்தால் கீழே வாசலில் தூங்கும் காவலாளி எழுந்து சட்டையைச் சரி செய்துகொள்வார். மிஸ்ஸுக்கு அந்தப் பெயரில் வருத்தமில்லை. "ஆம்புலன்ஸுக்கும் சைரன்தான். ஒதுங்கி வழி விடுறீங்கல்ல?"

அவருடைய கைப்பையைத் திறந்து பார்ப்பவர்கள் குழாய் ரிப்பேர்காரரின் பை என்றே நினைப்பார்கள். தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டு, கிரீஸ் டப்பா, பலூன்கள், ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒரு கட்டு. இதயப் பாடத்தன்று குழாய்த் துண்டுக்குள் கிரீஸை அப்பி, தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். "மாரடைப்புன்னா இதயம் திடீர்னு கோவிச்சுக்கிட்டு வேலையை நிறுத்துறதுன்னு நினைக்காதீங்க. ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புற மோட்டார் அது. அதுக்கே ரத்தம் கொண்டு வர்ற குழாய்ல அடைப்பு! நெஞ்சை அமுக்குது, வேர்த்துக் கொட்டுது, கை வலிக்குதுன்னு அப்பா சொன்னா, கேஸ் பிராப்ளம்னு சோடாவை நீட்டாதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

காசநோய்க்கு வந்தால் குரல் இன்னும் ஏறும். "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நிக்கலன்னா பரிசோதனை. மருந்தை நடுவுல நிறுத்தாம முடிச்சா குணம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? வியாதியை ஒளிக்கிறவங்களை மாதிரி முட்டாள் உண்டா?"

இப்படி முழங்கிவிட்டு, மணி அடித்ததும் மிஸ் ஆய்வுக்கூடத்தின் பின்னறைக்கு ஓடுவார். அங்கே அலமாரியில், பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் பின்னால், அவருடைய இன்ஹேலர் ஒளிந்திருக்கிறது. ஆஸ்துமா சின்ன வயதிலிருந்தே உண்டு. முந்தைய பள்ளியில் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் இழுப்பு வந்துவிட்டது. பாவம், மாடி ஏறக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று பரிதாபப்பட்டே வகுப்பைப் பிடுங்கி, நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சைரனை நூலகத்தில் வைத்தால் யாருக்குத்தான் நிம்மதி? வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். இங்கேயும் அது நடக்கக் கூடாது.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் ஆய்வுக்கூட உதவியாளர். அதே எலும்புக்கூட்டின் பின்னால்தான் அவருடைய சிகரெட் பெட்டியும் இருக்கிறது.

"சீக்கிரம் இழுங்க மிஸ். பிரின்சிபால் படி ஏறுறாங்க."

"உங்க சட்டை நாத்தத்துக்கே எனக்கு இன்னொரு தடவை இழுக்கணும்ணே. விட்டுத் தொலைங்களேன் அந்தக் கருமத்தை."

"நீங்க ஒளிக்கிறதை விடுங்க. அன்னிக்கே நானும் இதை விட்டுடறேன்."

நடக்காது என்று இருவருக்கும் தெரியும் என்பதால், இருவருக்கும் வசதியான பந்தயம்.

ஆஸ்துமா பாடம் நடந்த அன்று பின்னறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஹேலர் மிஸ்ஸின் கைப்பையிலும் சிகரெட் பெட்டி உதவியாளரின் சட்டைப்பையிலும் தஞ்சம் புகுந்திருந்தன. "எல்லாரும் குதிங்க! இப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விடுங்க. கஷ்டமா இருக்கா? மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கினா இதான்!" வகுப்பே குதித்தது. நாற்பது பேர் குதிக்கும்போது சும்மா நிற்க மிஸ்ஸால் முடியுமா? அவரும் குதித்தார். குதித்த வேகத்தில் டஸ்டரால் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். சுண்ணத்தூள் புகைபோலக் கிளம்பி முகத்தில் அடித்தது.

நெஞ்சு பூட்டிக்கொண்டது. உள்ளே விசில் கேட்டது. கதவை நோக்கி இரண்டடி வைத்தார், முடியவில்லை. பைக்குள் கைவிட்டு இன்ஹேலரை எடுத்து, வாயில் வைத்து அமுக்கினார்.

இதுவும் செய்முறைதான் என்று நினைத்து வகுப்பு கைதட்டியது.

"மிஸ், குலுக்கவே இல்லையே," என்றது கடைசி பெஞ்ச். விளையாட்டு வகுப்பு வந்தால் மட்டும் கால் சுளுக்கிக்கொள்ளும் பெண் அவள். "மூச்சையும் வெளிய விடல. மருந்து நாக்குலதான் விழுந்திருக்கும்."

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நாற்பது தலைகள் திரும்பின. முகம் சிவக்க, அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

'சும்மா செஞ்சு காட்டினேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிஸ் தப்பித்துவிடலாம். அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள்.

"எனக்கு... நிஜமாவே வருது," என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "ஒளிஞ்சு ஒளிஞ்சு இழுத்து... அவசரமே பழகிப்போச்சு. நீ வா. முதல்லேர்ந்து சொல்லு."

அவள் தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள். வரும்போது பையின் அடியிலிருந்து தன்னுடையதையும் எடுத்துவந்தாள். "நல்லாக் குலுக்குங்க மிஸ். மூச்சை முழுசா வெளிய விடுங்க. வாயில வெச்சு, அமுக்கிக்கிட்டே மெதுவா உள்ள இழுங்க. ம்... இப்ப பிடிச்சு வையுங்க. பேசக் கூடாது!"

"மிஸ்ஸா? பேசாமலா?" என்றான் ஒருவன். "பத்து வரைக்கும்டா, எண்ணு!" என்று அவனை அடக்கினாள் கடைசி பெஞ்ச்காரி, ஏறக்குறைய சைரன் குரலில். பிள்ளைகள் கிசுகிசுப்பாக எண்ணத் தொடங்கினார்கள். அந்த மாடியில் அப்படியொரு அமைதியை யாரும் கேட்டதில்லை.

அந்த அமைதிதான் கீழே பீதியைக் கிளப்பியிருக்கிறது. உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்து கதவருகே நின்றார். "மிஸ், சத்தத்தையே காணோமேன்னு பிரின்சிபால் மேல வர்றாங்க! உள்ள வைங்க, உள்ள வைங்க!"

மிஸ் உள்ளே வைக்கவில்லை. கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தபடி, இன்ஹேலரைச் சுண்ணக்கட்டிப் பெட்டியின் மேல் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தினார். பிறகு, பேச முடியாததால், உதவியாளரின் சட்டைப்பையை நோக்கி ஒரு விரலை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்.