சாம்பல் மேட்டடியில் ஒரு நாரை

மார்கழி ஞாயிறு காலை மலையடிவார நடை, பறவைகளும் நம்மூர்ச் செடிகளும் பார்க்கலாம் என்று தெரு வாட்ஸ்அப்பில் வந்தது. எண்ணூரில் ஏதய்யா மலை? சாம்பலைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேட்டைத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

நான் பறவைக்காகப் போகவில்லை. என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகவே சாம்பாரில் முருங்கைக்காயைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். கண் டாக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு இன்னாமே கொறச்சலு? கழுகுக் கண்ணு!" என்பார். சரி, கழுகையே காட்டிச் சோதிப்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கூட்டிப்போன டீச்சரம்மா உப்பு மண்ணில் முளைக்கும் உமிரிச் செடியைக் காட்டினார், எருக்கைக் காட்டினார். எருக்கம்பூவை ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். ரயிலடியில் வேலியெல்லாம் அதுதான் பூத்துக் கிடக்கிறது, ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.

கழிமுகத்தில் ஒரு வெறும் கம்பத்தைக் காட்டி, "தோ பாருய்யா, மீன்கொத்தி!" என்றேன்.

"ஆமாமே, சோக்கா கீது."

மாட்டினாரு என்று நான் திரும்புவதற்குள், பின்னால் நின்ற நாலைந்து பேர் பைனாகுலரைத் தூக்கி, "ஆஹா, என்ன நீலம்!" என்கிறார்கள். இல்லாத பறவைக்கு இத்தனை சாட்சி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் கொஞ்சம் நடந்ததும் அவரே நின்றார். "இன்னாமே அந்தாளு, இந்தக் குளிர்ல தண்ணில நின்னுகினு கீறான்? யோவ், மேல வாய்யா!"

அந்த ஆள் இறக்கையை விரித்துப் பறந்துபோனான். சாம்பல் நாரை. எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் பலமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப் போயிருந்தது.

கரையோரம் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "எப்பலேர்ந்துய்யா?"

"ஆடிலேர்ந்து."

"அப்ப ரோட்ல போறவங்கள எப்டிய்யா பாத்து ஓட்ன?"

"ஆரன் அடிச்சுகினே போவேன். அவங்களே ஒதுங்கிப்பாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்த லாரிச் சாவியை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன். "நாளைக்கு லோடு கீதுமே" என்றார். முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

தினமும் விடியற்காலை பால் வாங்க இவர் லாரி போகிற அதே ரோட்டைக் கடக்கிறவள் நான். காது கிழிய ஆரன் அடித்துக்கொண்டு ஏதாவது லாரி வந்தால், "கண்ணு தெரியலையாடா பேமானி!" என்று கத்திவிட்டு ஓரமாகக் குதிப்பேன். அதில் எத்தனை முறை அது இவரோ.